மூன்று ஓலையும் ஒரு ஸ்ட்ரைக்கரும்

வாக்கெடுப்பு பதினொன்றுக்குப் பதினொன்று என்று நின்றது. ராயபுரம் பனைமரத்தொட்டி கால்பந்துக் கழகத்தில் எதுவும் ஒரே சுற்றில் முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது.

மாதா கோயில் திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு நாலு வாரம்தான் இருந்தது. எதிரணி காத்திவாக்கம். ஐந்து வருஷமாகக் கோப்பையை அவர்கள்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கட்டுமரம் தள்ளிப் பழகிய தோள்கள். மோதினால் நம் பையன்கள்தான் கீழே விழுகிறார்கள். அதனால் ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை இறக்கலாமா கூடாதா என்று ரசிகர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் மட்டும் எறங்கினான்னு வெச்சிக்கோ, காத்திவாக்கம் காலி மாமு," என்றான் டீக்கடைக் காலித். வெளிநாட்டுக் கட்சிக்கு அவன்தான் தலைவன்.

"அப்போ நம்ம ஜெரி இன்னா பண்ணுவான்? ஓரமா குந்திகினு எலுமிச்சம்பழம் பிழிவானா?" என்று எகிறினார் மேத்யூ. ஜெரிதான் அணியின் ஸ்ட்ரைக்கர். மேத்யூ அவனுடைய சித்தப்பா. உள்நாட்டுக் கட்சியின் கொள்கை முழுக்க அவ்வளவுதான்.

எல்லோரும் செயலாளர் வில்சனைப் பார்த்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வில்சன் இருபத்திரண்டு வருஷமாகச் செயலாளர். இந்த வருஷமும் தோற்றால் பதவியை விட்டுவிடுகிறேன் என்று போன திருவிழாவில் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். அப்போது கரண்ட் போயிருக்கக் கூடாதா என்று பிற்பாடு பலமுறை வருந்தியிருக்கிறார்.

உள்ளபடி சொன்னால் அவர் மனசு 'வேண்டாம்' பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதற்குள் கடைசி வரிசையிலிருந்து அவருடைய மகள் டெபோரா எழுந்தாள்.

"வெளிநாட்டு ஆளே வேணாம் நைனா. ஏரியா மானமே பூடும்."

வில்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேணும்," என்றார்.

டெபோரா ஒரே மகள், வயது இருபத்தெட்டு. மகள் சொல்லுக்கு ஆடுகிற தகப்பன் என்று பேர் எடுத்துவிடக் கூடாது என்பதில் வில்சன் எப்போதும் ஜாக்கிரதை. கணக்குப் படிக்கவே மாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கணக்குதான் படிக்க வைத்தார். இப்போது கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் நல்ல வேலையில் இருக்கிறாள். வந்த நாலு வரன்களுக்கும் பார்த்தவுடன் சரி என்று தலையாட்டினாள்; இதில் ஏதோ விவகாரம் இருக்கிறது என்று நாலையும் அவரே தட்டிக்கழித்தார்.

ஆளுக்கு எங்கே போவது? அதற்கும் காலித்திடம் பதில் இருந்தது. வழக்கில் மாட்டி ஒன்றரை வருஷமாகத் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கும் கானா நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். பேர் குவேசி. ஆறடி உயரம். தினம் காலையில் டீக்கடை வழியாக ஓடுவார்.

"பந்து ஆடுவாரா?"

"ஆப்பிரிக்கா மாமு! ஆடாம?"

அதற்கு மேல் விசாரிப்பது மரியாதை இல்லை என்று சபை கருதியது.

"வேற யாரை வோணா கூட்டினு வா நைனா, அந்த ஆளை மட்டும் வேணாம்," என்றாள் டெபோரா. அத்துடன் குவேசி தேர்வானார்.

மறுநாள் துறைமுக வாசலில் வில்சன் அவரைப் பிடித்தார். உரக்கப் பேசினால் ஆங்கிலம் யாருக்கும் புரியும் என்பது அவர் நம்பிக்கை. "யூ! பால்! கோல்! கம்!"

குவேசி குனிந்து கேட்டுக்கொண்டார். "யெஸ், அங்கிள்," என்றார்.

முதல் முட்டுக்கட்டை கோயிலில் வந்தது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கின் பதிவேடுகளையும் கோப்பையின் விதிகளையும் ஒரே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்த உபதேசியார் சவரிநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். ஆடுகிறவர் பங்கின் எல்லைக்குள் ஒரு வருஷமாவது குடியிருக்க வேண்டும்.

"கப்பல் எந்தப் பங்குல கீது?" என்று கேட்டார் வில்சன்.

"தண்ணில கீது," என்றார் சவரிநாதன். "ஆனா இன்னொரு விதி கீதுப்பா. பங்குக்கு மருமவனா வந்தவன் ஆடலாம். கண்ணாலம் ஆவணும்னுகூட இல்ல, மூணு ஓலை வாசிச்சிருந்தா போதும்."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பேரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பதுதான் ஓலை. வில்சன் கணக்குப் போட்டார். நாலு வாரத்தில் மூன்று ஞாயிறு தாராளமாக அடங்கியது.

"பேர் மட்டும் குட்த்தா போதும்," என்று கழகக் கூட்டத்தில் விளக்கினார். "கப்பு முடிஞ்சதும் பொண்ணுக்கும் மாப்ளைக்கும் சண்டைன்னு சொல்லி நிறுத்திடலாம்."

பெண் பிள்ளை வைத்திருந்தவர்கள் எல்லோரும் சீலிங் ஃபேனைப் பார்த்தார்கள். பிறகு, ஒருவர் விடாமல், செயலாளரைப் பார்த்தார்கள்.

வீட்டில் டெபோரா தட்டைத் தூக்கிப் போட்டாள். "என் பேரா? தலைகீழா நின்னாலும் ஒத்துக்க மாட்டேன்! அந்த ஆள் மூஞ்சியே எனக்குப் புடிக்கல!"

"புடிக்கலன்னாலும் ஒத்துக்கத்தான் வேணும்," என்றார் வில்சன்.

மனைவி ஜானட் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இன்னாய்யா பேசற? ஓலை வாசிச்சு நின்னுபோன பொண்ணை அப்புறம் எவன் கட்டுவான்?"

அது வில்சனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் 'ஒத்துக்கணும்' என்று சொல்லியாகிவிட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவர் குடும்பத்தில் ஆண்களுக்கு இல்லை.

கானாவிலிருந்து ஞானஸ்நானச் சான்றும், அங்கே வேறு கல்யாணம் ஆகவில்லை என்று அந்த ஊர்ச் சாமியார் தரும் கடிதமும் வர வேண்டும். மாசக்கணக்காகுமே என்று வில்சன் தவித்தார். இரண்டாம் நாளே சவரிநாதன், "எல்லாம் வந்துட்சி," என்றார். கவர்மெண்டு தபாலைவிடக் கோயில் தபால் எவ்வளவு வேகம் என்று வில்சன் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பாதிக் கோயிலுக்கு இருமல் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால், காத்திவாக்கம் அணியின் செயலாளர் லூர்து மரத்தடியில் நின்றிருந்தார்.

"கண்ணாலம் நெசமா வில்சா, இல்ல பந்துக்காகவா?"

"நெசம்தான்யா. அடுத்த ஞாயிறே நிச்சயதார்த்தம்!" என்றார் வில்சன். அப்படி ஒன்று இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று நூற்றைம்பது பேருக்கு அமீருதீன் பாய் கையால் பிரியாணி. லூர்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே கேட்டார். "கண்ணாலம் எப்போ?"

"கப்புக்கு மறுநாள்."

"மண்டபம்?"

மண்டபம் பிடிக்க வேண்டியதாயிற்று. மண்டபம் இருந்தால் பத்திரிகை இல்லாமல் எப்படி? நானூறு அடித்தார்கள். புழலிலிருந்தும் மாத்தூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையோடு முன்கூட்டியே வந்து இறங்கினார்கள். வீட்டில் வில்சனுக்குப் படுக்க இடம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் குவேசியிடம் போய் உரக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவர், "யெஸ், அங்கிள்," என்றார். இவ்வளவு ஒத்துழைக்கிற ஆட்டக்காரரை வில்சன் பார்த்ததே இல்லை.

பயிற்சிக்கு மட்டும் அவரை அழைக்கவில்லை. கையில் இருக்கும் ஆயுதத்தை எதிரிக்குக் காட்டக் கூடாது என்று காலித் சொல்லிவிட்டான்.

மூன்றாம் ஓலை முடிந்து அடுத்த ஞாயிறு, கோயில் மைதானத்தில் இறுதி ஆட்டம். ஒன்பதாம் நம்பர் சட்டையில் குவேசி இறங்கியதும் ராயபுரம் அதிர்ந்தது. லூர்து உடனே தன் ஆட்களில் மூன்று பேரை அவர் மேல் ஏவினார். குவேசி இடது பக்கம் ஓடினார். மூவரும் இடது பக்கம் ஓடினார்கள். மூலைக்கொடி வரை ஓடினார், அங்கேயும் போனார்கள். பந்து எங்கே இருக்கிறது என்பது நால்வருக்கும் பொருட்டாகவே இல்லை. ஒரே ஒரு முறை அது குவேசியின் காலை நோக்கி வந்தது. அவர் பணிவாக விலகி வழிவிட்டார்.

"இன்னா டெக்னிக்கு பாத்தியா!" என்று கத்தினான் காலித்.

இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும்போது குவேசி எதிர்ப்பக்கம் ஓடினார். மூவரும் பின்னாலேயே ஓடினார்கள். நடுவில் கேட்பாரில்லாமல் நின்றிருந்த ஜெரி பந்தை வாங்கி, நிதானமாக நாலடி நடந்து, உள்ளே தட்டினான். ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை வந்துவிட்டது.

"பந்தைத் தொடாமலே கோல் போட்டான் பாரு! அதான் ஃபாரின்!" என்றான் காலித்.

"போட்டது ஜெரிடா கஸ்மாலம்!" என்று பாய்ந்தார் மேத்யூ. அடுத்த வாக்கெடுப்புக்கு அங்கேயே ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள்.

வில்சன் மட்டும் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி சந்தோஷமில்லாமல் நின்றார். கோயில் சுவர் ஓரம் டெபோரா தனியாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் பயந்தால் அப்படித்தான் கடிப்பாள். ஒரு தகரக் கோப்பைக்காகப் பெற்ற பெண்ணின் பேரை மூன்று ஞாயிறு ஊர் வாயில் போட்டுவிட்டோமே என்று நொந்துகொண்டார். நாளைக்குக் கல்யாணம் இல்லை என்றால் ஒரு வருஷத்துக்கு இந்த ஏரியா அதையேதான் மெல்லும். ஒருவேளை இவள் ஆயுசுக்கும் தனியாகவே நின்றுவிட்டால்? மகளிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட நினைத்தார். அவர் குடும்பத்தில் அதுவும் பழக்கமில்லை.

முதலில் ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்று குவேசியைச் சவரிநாதனின் அறைக்கு அழைத்துப் போனார். சவரிநாதன் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வில்சன் தொண்டையைச் செருமினார். "மேரேஜ்... நோ! டுமாரோ... சும்மா ஃபைட்! யூ... ஷிப்... கோ! வெரி வெரி சாரி!" கடைசி வார்த்தையை மட்டும் அவர் உரக்கச் சொல்லவில்லை.

குவேசி துண்டால் முகத்தைத் துடைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு வில்சனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை ஆதரவாகப் பற்றிக்கொண்டார்.

"மாமா, பந்தாட்டம் எனக்கு சுத்தமா வராதுன்னு பொங்கலுக்கே டெபோரா கிட்ட சொல்லிட்டேன், அதுக்கு டெபோராதான், 'நான் வேணாம் வேணாம்னு கத்தினா எங்க நைனா உன்னை வூட்டு மாப்ளயாவே ஆக்கிடுவாரு, நீ சும்மா ஓடிகினு இரு'ன்னுச்சு."