ஜாஸைத் துப்புரவாக்கிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "ஒன்றையும் தொடாதே" என்று யாராவது சொன்னால் என் விரல்கள் அரிக்கத் தொடங்கிவிடும். அந்த அறிவீனத்தால், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள ஒரு சின்ன ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் தட்டையே நாசமாக்கப் பார்த்தவன் நான்.

நிறுவனம் என்றால் மதி அக்காவும் அவருடைய கணவர் யூர்கனும்தான். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். யூர்கன் பாஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பவர். தொடங்கிய இடம் அவர்களுடைய சமையலறை. உறைகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒட்டியதால், முதல் பதிப்புகள் சிலவற்றில் கறித்தூள் விரலடையாளம் இருக்கும். சேகரிப்பவர்கள் அதையே தேடி அலைகிறார்கள். (என் வீட்டுச் சுவரிலும் அப்படி நிறைய உண்டு. ஒருவரும் கேட்டு வருவதில்லை.)

அந்த முதல் தட்டை மறுபடி வெளியிடத் தீர்மானித்தார்கள். அதில் வாசித்த பியானோக்காரர், எண்பது கடந்தவர், வெளியீட்டு விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பழைய ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றும் வேலை எனக்கு. நான் கல்யாண வீடியோக்காரன். தாலி கட்டும் நேரத்தில் இருமும் பெரியப்பாக்களை நீக்குவதில் ஜெர்மனியிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை (என்று நானே சொல்லித் திரிந்தேன்).

"அப்பிடியே மாத்தித் தா. ஒண்டையும் தொடாதை," என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

தொட்டேன். ஹாலே நகரில், பனிக்காலத்தில், ஒரு மண்டபத்தில் நிறுத்தாமல் பதிந்த இசை அது. பியானோ ஓய்ந்து எல்லாம் மௌனமான இடத்தில், 'ணங்' என்று ஒரு சத்தம். இத்தனை காலமும் ஒருவரும் கவனிக்கவில்லையே, பாவங்கள் என்று இரங்கி, தடயமே இல்லாமல் அதை எடுத்துவிட்டுத் தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பினேன்.

மாதிரித் தட்டு வந்தது. மூவரும் கேட்டோம். பாராட்டை வாங்க முகத்தைக்கூட அடக்கமாக வைத்திருந்தேன். அந்த இடம் கடந்ததும் யூர்கன் ஊசியைத் தூக்கினார்.

"எங்கையடா அது?" என்றார் அக்கா.

"எது?"

"ணங்."

"அதுவோ? துப்புரவாக்கிப் போட்டன்."

யூர்கன் பழைய தட்டை வைத்தார். ணங். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பியானோ அதே ஸ்வரத்தை மெதுவாகத் தொட்டது, யாரோ கூப்பிட்டதற்கு "என்ன?" என்பதுபோல. இன்னொரு தடவை. பாஸ் சேர்ந்தது. தட்டின் மீதி முழுவதும் அந்த ஒற்றை இரும்புச் சத்தத்திலிருந்து முளைத்து வளர்ந்தது. நான் அழித்தது விதையை.

"என்ன சத்தமக்கா அது?"

"அடுப்புக் கதவு. குளிர் தாங்கேலாமல் கரி போடப் போனன், கை தவறி அடிபட்டிட்டுது. எல்லாம் பாழெண்டு அழுதுகொண்டு நிண்டன். பியானோவிலை இருந்த அந்தாள் என்னைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு வாசிச்சுது. அண்டையிலிருந்து எங்கட தட்டிலை ஒண்டும் வெட்டுறேல்லை."

அடுத்த நாள் அச்சு ஓட இருந்தது. யூர்கன் தொழிற்சாலையை அழைத்து நிறுத்தினார். மூல நாடா பத்திரமாக இருந்ததால் நான் உயிர் தப்பினேன். இம்முறை கைகளைக் கட்டிக்கொண்டு மாற்றினேன்.

புதிய உறையில் பியானோ, பாஸ், டிரம்ஸ் பெயர்களுக்குக் கீழே, பியானோக்காரரின் பிடிவாதத்தால் ஒரு வரி சேர்ந்தது: 'அடுப்புக் கதவு: மதி.' அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டேன்.

"அக்கா, என்ர பேரும் ஒரு மூலையிலை இருந்ததெல்லோ?"

"துப்புரவாக்கியாச்சு."