குலுக்கைக்குள் ஒரு தவில்

முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் ஒலியைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நான். ஒலி எப்படிப் பிறக்கிறது, எதில் மோதித் திரும்புகிறது, எதற்குள் புகுந்தால் பெருகுகிறது என்பதையெல்லாம் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒலியைப் பற்றி நான் சொந்தமாகச் செய்து பார்த்த ஒரே பெரிய பரிசோதனையை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. காரணம், அந்தப் பரிசோதனையின் முடிவில் ஐந்து பேர் முழங்கால் சேற்றில் நின்றோம். அதில் ஒருத்தி பட்டுப்புடவையில். (நான்தான்.)

அறுபதுகளில் நடந்தது. சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்த என்னை மேலகரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தென்காசியில் ஆசிரியை வேலையும் கிடைத்தது. எனக்கு அப்போது ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். கல்யாணமான முதல் மாதமே மாமனார் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். அது அன்று முதல் பத்து நிமிடம் பின்னால்தான் ஓடியது. புது மருமகள் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, தவில் என்றால் உயிர். இலஞ்சி முருகன் கோயில் திருவிழாவில் நாயனக் கச்சேரி நடக்கிற நாளெல்லாம் முதல் ஆளாகப் போய்த் தவில்காரருக்கு நேர் எதிரே உட்காருவாராம். நான் வந்த சமயம் அவருக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. கூடத்தில் சாய்வு நாற்காலியை விட்டு எழுவதற்கே இரண்டு பேர் வேண்டும். திருவிழா நாட்களில் இலஞ்சிப் பக்கமாகக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காற்று வாட்டமாக எங்கள் பக்கம் அடித்தால் நாதஸ்வரம் மெலிதாக வரும்.

"நாயனம் வருது. தவிலு வரல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அதனால்தான் ஒரு செட் வாங்குவது என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். ரெக்கார்டு பிளேயர், ஆம்பிளிபயர், ஒரு ஸ்பீக்கர். அத்தை, அதாவது என் மாமியார், செங்கோட்டையில் நாத்தனாரின் பிரசவத்துக்குப் போயிருந்தார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். ஆகவே அது நல்ல வாரமாகத் தெரிந்தது.

தென்காசியில் சுடலைமுத்து அண்ணாச்சி என்று ஒருவர் கல்யாணங்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடுவார், ரேடியோவும் விற்பார். மூன்று ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்தார். முதலாவது, கல்யாண வீட்டு வாசலில் கட்டுகிற புனல். போட்டுக் காட்டினார். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டாவது, ரேடியோவில் இருப்பது போன்ற சின்னப் பெட்டி. மூன்றாவது பெட்டியே இல்லாமல் வெறும் காகிதக் கூம்பும் காந்தமுமாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிறதே! விரலால் கூம்பை அழுத்திப் பார்த்தேன்.

"டீச்சர், டீச்சர், அழுத்தாதீக! பச்சப்புள்ள உச்சந்தலை மாதிரில்லா அது" என்று பதறினார் சுடலைமுத்து அண்ணாச்சி.

"ஒரே ஸ்பீக்கர் போதுமா அண்ணாச்சி? இங்கிலீஷ் பத்திரிகையில ரெண்டு போட்டிருந்துச்சே."

"பம்பாயில ரெண்டு காதுக்கும் ரெண்டு வச்சுக் கேக்குதாகளாம். நமக்கு ஒண்ணு ஒழுங்காப் பாடுனாப் போதாதா? கொண்டு போங்க. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா திங்கக்கிழமை திருப்பிக் குடுத்துருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் ஒரு நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டோம். மாமா கண்ணை மூடிக் கேட்டார். தனி ஆவர்த்தனம் வந்தது. கண்ணைத் திறந்தார்.

"ஏட்டி, வலந்தலை கேக்குது. தொப்பி எங்க?"

தவிலுக்கு இரண்டு முகம். வலது பக்கம் விரலில் கூடு மாட்டி வாசிப்பது வலந்தலை, அது 'தக தக' என்று கணீரென்று பேசும். இடது பக்கம் கம்பால் அடிப்பது தொப்பி. அதன் 'தொம்' காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் கேட்கும். எங்கள் செட்டில் அது சுத்தமாக இல்லை.

"பாதித் தவிலை வாங்கிட்டு வந்திருக்கிய" என்றார் மாமா. "ஞாயித்துக்கிழமை சங்கரலிங்கத்தை வரச் சொல்லியிருக்கேன். அவன் முன்னால இதைப் போட்டா எனக்குத்தான் அசிங்கம். அதுக்குள்ள தொப்பி வரணும். இல்லன்னா சுடலையையும் அன்னைக்கே வரச் சொல்லு, கையோட தூக்கிட்டுப் போகட்டும்."

சங்கரலிங்கம் அண்ணாச்சி இலஞ்சிக்காரர். நாற்பது வருடம் தவில் வாசித்து ஓய்ந்தவர், மாமாவின் சிநேகிதர். அவர் சம்மதித்தால் செட் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் மாமா மறுபடி காற்றுக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கூடவே விஞ்ஞான ஆசிரியையின் மானமும் போகும்.

தடித்த ஒலி வர வேண்டுமானால் ஸ்பீக்கருக்குப் பெரிய வயிறு வேண்டும் என்று படித்திருந்தேன். வயிறு தேடி வீடு முழுக்க அலைந்தேன். பித்தளைக் குடத்தின் வாயில் வைத்தேன், தவில் மூக்கால் பேசியது. அண்டாவுக்குள் வைத்தேன், கச்சேரி கிணற்றில் விழுந்துவிட்டது. துணி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். மாமா, "வித்துவான் போர்வைக்குள்ள இருந்து வாசிக்கானா?" என்று கேட்டார். உரலின் குழிமேல் கவிழ்த்துப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது.

புதன்கிழமை, பின்கட்டில் நின்ற குலுக்கை கண்ணில் பட்டது. குலுக்கை என்பது நெல் கொட்டி வைக்கிற மண் குதிர். என் உயரத்துக்கு இருந்தது. மேலே வாய், அடியில் நெல் எடுப்பதற்குக் கைப்பிடி அகலத் துளை, துளையைத் துணிப்பந்தால் அடைத்திருப்பார்கள். தட்டிப் பார்த்தேன். மேலே காலியாக இருந்த இடத்தில் 'தொம்' என்றது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஒரு பலகையில் வட்டமாகத் துளை போட்டு, ஸ்பீக்கரை அதில் பொருத்தி, குலுக்கையின் வாயில் கவிழ்த்து வைத்தேன். கூடத்திலிருந்து ஒயர் இழுத்தேன். தொப்பி வந்தது. கொஞ்சமாக, வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது. ஒரு ஓலைக் கடகம் நெல்லை எடுத்துவிட்டுப் போட்டேன், இன்னும் கொஞ்சம் கூடியது. நெல் குறையக் குறைய வயிறு பெருக, தொப்பியின் சுருதி கீழே இறங்கிக்கொண்டே போனது. என்ன ஆச்சரியம்! தவிலுக்கு வார் இழுத்துச் சுருதி சேர்ப்பார்கள், நான் நெல்லை அள்ளிச் சேர்த்தேன்.

"ஏட்டி, இது எந்த நெல்லோ என்னவோ" என்றார் என் வீட்டுக்காரர், கடகத்தைத் தூக்கிக்கொண்டே.

"உங்களுக்குத் தெரியாதா?"

"நெல்லு நெல்லுதான்" என்றார். அவர் ஆபீஸ் கோப்புகளைத் தவிர எதையும் விளைவித்தவரில்லை.

கடைசி நெல்லையும் வழித்து எடுத்தோம். அடித்துளையில் இருந்த துணிப்பந்தையும் உருவினேன். அவ்வளவுதான், 'தொம்' என்று ஒரு அடி விழும்போதெல்லாம் அந்தத் துளையிலிருந்து காற்று வந்து என் கணுக்காலில் பட்டது. ஒலி காலில் படுகிறது! ஒரு மணி நேரம் அந்தத் துளைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். சோறு வைக்க மறந்துபோனேன்.

நாலு சாக்கு நெல்லையும் தொழுவில் ஒரு கல்மேடைமேல் அடுக்கி, மேலே ஓலைப்பாய் போட்டு மூடினோம். அங்கேதான் நான் சறுக்கினேன். எங்கள் கரிசலில் மழை என்றால் மேலிருந்து கீழே விழும். அதுவும் வருடத்துக்கு நாலு தடவை, சொல்லிவிட்டு வரும். குற்றாலத்துச் சாரல் அப்படியில்லை. பக்கவாட்டில் வரும், சமயத்தில் கீழேயிருந்துகூட வரும். மழை என்றே சொல்ல முடியாது, மாவு சலிக்கிற மாதிரி இருக்கும். வெயிலும் அடிக்கும். அந்த வாரம் நாலு நாளும் அது சுவரில்லாத தொழுவுக்குள் புகுந்து, என் ஓலைப்பாயைச் சட்டை பண்ணாமல், சாக்குகளின் வயிற்றை நனைத்துக்கொண்டிருந்தது. நானோ ஜன்னல் வழியாகப் பார்த்து, ஆகா என்ன குளுமை என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. குலுக்கையைக் கூடத்துக்கு நகர்த்த முடியாது என்பதால் மாமாவையே நாற்காலியோடு பின்கட்டுக்குத் தூக்கி வந்தோம். சங்கரலிங்கம் அண்ணாச்சி சட்டையில்லாமல் துண்டு போர்த்திக்கொண்டு வந்தார். ஸ்பீக்கர் இருக்கிற இடத்தைப் பார்த்ததும் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் பட்டுப்புடவையில் நின்று இசைத்தட்டை வைத்தேன்.

தனி ஆரம்பித்தது. முதல் தொப்பி விழுந்ததும் சங்கரலிங்கம் அண்ணாச்சி நிமிர்ந்தார். கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. "ஏலே, கம்படில்லா கேக்குது!" என்றார். மாமா நாற்காலியிலிருந்து குனிந்து குலுக்கையின்மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்கும் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்ற இடம் வேறில்லை. அது சுமார் மூன்று நிமிடம் நீடித்தது.

அத்தை செங்கோட்டையிலிருந்து வந்துவிட்டார். கால் கழுவப் புறவாசல் வழியாக வந்தவரின் குரல்தான் முதலில் கேட்டது.

"ஏட்டி! இங்கன வா! சாக்குக்குத் தலைமயிரு மொளச்சிருக்கு!"

எல்லோரும் ஓடினோம். சாக்கின் இழை ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாக வேர் நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டேன், உள்ளே சுட்டது. (அந்த நிலையிலும், ஏன் சுடுகிறது என்று யோசித்தேன். அதுதான் சொன்னேனே, வியாதி.)

"அது வெதநெல்லுட்டீ!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அத்தை. "கார் நடவுக்கு எடுத்து வச்சிருந்த வெத! நாலு சாக்கும் போச்சே, இனி வெதைக்கு எங்க போய் நிக்க?"

உள்ளே குலுக்கை யாரையும் மதிக்காமல் தொம் தொம் என்று வாசித்துக்கொண்டிருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். ஒரு வருட விளைச்சலை ஒரு தனி ஆவர்த்தனத்துக்கு விற்றுவிட்டேன் என்று தோன்றியது.

சங்கரலிங்கம் அண்ணாச்சிதான் சாக்கைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "போகலம்மா. மொளை நல்லாத்தான் இருக்கு. எப்படியும் ஊறப் போட்டு மொள கட்டித்தான விதைப்பிய? இது முந்திக்கிடுச்சு. ஆனா நிக்காது. இன்னைக்கே நாத்துப் பாவணும். நாத்தங்கால் எப்படி இருக்கு?"

"உழுது தண்ணி கட்டிக் கெடக்கு. பரம்படிக்கல. ஆளு ஊருக்குப் போயிருக்கான்" என்று உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "வண்டியைப் பூட்டுங்கலே!"

இலஞ்சிக்குப் போகிற வழியில் எங்கள் வயல். வண்டியில் நாலு சாக்கு, அதன்மேல் மாமா. சேற்றை மட்டப்படுத்த மாட்டின் பின்னால் பரம்புப் பலகையைக் கட்டி, கனத்துக்கு என் வீட்டுக்காரரை அதில் நிறுத்தினோம். வருடக்கணக்கில் ஆபீஸ் நாற்காலியைத் தவிர எதிலும் ஏறாதவர். மாடு இரண்டடி வைத்ததும் பின்பக்கமாக விழுந்தார். எழுந்தார், விழுந்தார். விழுந்த இடமெல்லாம் பள்ளமாகிவிட, அதை மட்டப்படுத்த சுடலைமுத்து அண்ணாச்சி இறங்கினார். மைக்செட்டுக்காரர் என்பதால் எல்லோரையும்விட அவர் சத்தம்தான் பெரிதாக இருந்தது. அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முளைநெல்லை வீசினார். ஒவ்வொரு மணியும் தனித்தனியாக விழுந்தது. நானும் ஒரு மூலையில் வீசினேன். குவியல் குவியலாக விழுந்தது.

வரப்பில் நின்ற வண்டியிலிருந்து மாமா அதிகாரம் செய்துகொண்டே இருந்தார். சங்கரலிங்கம் அண்ணாச்சி சேற்றைத் தட்டிச் சமன் செய்கிற ஒவ்வொரு தட்டுக்கும் மாமா வாயாலேயே தொப்பி வாசித்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் வயலைப் பார்த்தார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பொழுது சாய வேலை முடிந்தது. சேறு சொட்டச் சொட்ட வரப்பில் உட்கார்ந்தோம். சுடலைமுத்து அண்ணாச்சி மாமாவிடம் மெதுவாகக் கேட்டார்:

"அண்ணாச்சி, நாளைக்குத் திங்கக்கிழமை. செட்டைத் திருப்பி எடுத்துக்கிடவா?"

அத்தை, "தூக்கிட்டுப் போ முதல்ல!" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். பட்டுப்புடவை எந்த நிறம் என்றே தெரியவில்லை.

"செட்டு இருக்கட்டும்லே. மருமகளைத்தான் இன்னும் ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

முதலில் சிரித்தது அத்தைதான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த வருடம் சுற்றுவட்டாரத்தில் எங்கள் வயல்தான் முதலில் கதிர் தள்ளியது. நான் விதைத்த மூலை மட்டும் நாற்றுப் பிடுங்கவே வராமல் அத்தையிடம் வசவு வாங்கிக்கொண்டே இருந்தது. குலுக்கைக்குள் மறுபடி நெல் போகவில்லை. மாமா இருந்தவரை அதில் தவில்தான் இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் காபி கொண்டு போய்க் கொடுக்கும்போது, "இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்பார். பதினோரு வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் என் மகள் ஒரு புதுச் செட் வாங்கி அனுப்பினாள். மாட்ட வந்தவர் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களைச் சுவரில் பொருத்திவிட்டு, கறுப்பாக ஒரு பெட்டியைத் தரையில் வைத்தார். அடியில் ஒரு துளை. "இதுதாம்மா சப்-ஊபர். தடிச்ச சத்தமெல்லாம் இந்த ஓட்டை வழியாத்தான் வரும்" என்று எனக்கு விளக்கினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் துளைக்கு முன்னால் காலை நீட்டினேன். காற்று வந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து, தடியை ஊன்றிப் புறவாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சாரல் அடிக்கிறதா என்று பார்த்தாராம்.

"பிடிச்சிருக்கா சார்?" என்று கேட்டார் மாட்ட வந்தவர்.

என் வீட்டுக்காரர் பெட்டியைப் பார்க்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.