ஹியூபேட்டின் பெட்டி ஆடியது பற்றி

எங்கள் மரண உதவிச் சங்கத்தின் தலைவரும் என் மனைவி றஞ்சிதத்தின் தமையனுமாகிய சவுந்தரநாயகம் அவர்களுக்கு, கொட்டாஞ்சேனை செபஸ்தியன் சொல்ல அடுத்த வீட்டுப் பஹ்மியா எழுதுவது. இங்கு றஞ்சிதமும் நானும் சுகம். உங்கள் பேத்தி கோயிலில் முதல் நன்மை வாங்கியதில் மிகவும் சந்தோசம்.

என்னைச் சங்கத்திலிருந்து நீக்கியதாக நேற்றுக் கடிதம் வந்தது. எனக்கு எழுபது வயது. இந்த வயதில் நீக்கினால் என் பெட்டியை ஆர் தூக்குவது? நாற்பது வருசம் மற்றவர்களின் பெட்டியைத் தூக்கியவன் நான். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

காலஞ்சென்ற ஹியூபேட், ‘லக்கி லொப்ஸ்டர்ஸ்’ கோஷ்டியின் பாட்டுக்காரன். எழுபத்திரண்டாம் ஆண்டில் அவர்கள் போட்ட ஒரே இசைத்தட்டு ‘கதவைத் திற எல்சி’. ஐந்து சரணத்திலும் அவன் கதவைத் திறக்கச் சொல்வான், அவள் திறக்கமாட்டாள், காரணம் கடைசிவரை வராது. ஜம்பட்டா வீதியில் அது கேட்காத தேத்தண்ணிக் கடை இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எந்த வரியில் ஹியூபேட் மூச்சு வாங்குவான் என்று தெரியும். அந்தப் பாட்டுக்கு நான் ஆடியதைப் பார்த்துத்தான் றஞ்சிதம் என்னைக் கட்டச் சம்மதித்தாள். நீங்கள் சம்மதிக்காததும் அதைப் பார்த்துத்தான். அப்படிப்பட்டவனின் ஊர்வலத்தில் வழக்கமான ஞானப்பாட்டையே வாசித்தால், செத்தது தான்தான் என்று ஹியூபேட்டுக்கே தெரியாமல் போய்விடும். ஆகவே பாண்ட் மாஸ்டர் றேமண்டிடம் கேட்டேன்.

“ஐயோ அண்ணே, அது ஆடுற பைலாவெல்லே! ஃபாதர் கொன்றுபோடுவார்.”

“மெதுவா வாசியடா. கதவெண்டு சொல்றது மோட்ச வாசல்தானே.”

மெதுவாகத்தான் தொடங்கினான். முதல் சரணத்துக்குச் சனம் அழுதது. இரண்டாவதில் மேளக்காரனின் கை, எத்தனையோ கலியாணத்தில் அதை அடித்த கை, தன்பாட்டில் வேகமெடுத்தது. தூக்கியவர்களின் கால் மாறியது, பெட்டி ஆடியது, பின்னால் வந்த சனமும் ஆடியது. முக்கால் மணித்தியால வழியை இருபது நிமிசத்தில் முடித்து மயானத்துக்குப் போனால், அங்கே குழி பாதிதான் வெட்டியிருந்தது. ஃபாதர் செபப் புத்தகத்தை மூடிவிட்டார். ஹியூபேட்டின் பெண்சாதி மேபல் மட்டும், “வெட்டி முடியுமட்டும் இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்கோ” என்றாள்.

குற்றம் முழுவதும் என்னுடையது. என் செத்தவீட்டில் அந்தப் பாட்டு வேண்டாம், பாண்டே வேண்டாம். தூக்க ஆறு பேர் போதும். தயவுசெய்து என்னைத் திருப்பிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டார் எல்லாரையும் மாதா தன் சேலைக்குள் வைத்துக் காப்பாளாக.

பணிவுள்ள மச்சான்,
செபஸ்தியன்
(பெருவிரல் அடையாளம்)

பி.கு.: சங்க விசாரணையில், முதல் ஆடின கால் ஆருடையது என்று செயலாளர் கேட்டார். “வயசு போயிற்றுது தம்பி, ஞாபகமில்லை” என்று சொல்லிவிட்டேன். பெட்டியின் முன் இடப்பக்கம் நீங்கள். உங்களுக்கு நேர் பின்னால் நான். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் எனக்கு ஞாபகம் வந்தாலும் வரும்.