மாதிரி அளவு போதவில்லை

செய்து பார்த்தால்தான் பாடம் மண்டையில் ஏறும் என்பது மேலிடத்தின் கண்டுபிடிப்பு. கல்லலுக்குக் கிழக்கே கிடக்கும் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்கும் அது சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. ஏழாம் வகுப்பு சித்ரா டீச்சர் அதை அப்படியே நம்பிவிட்டார். புதிதாக வேலைக்கு வந்தவர், பாவம்.

விகிதக் கணக்கு நடத்த வேண்டும். டீச்சர் கரும்பலகையை விட்டுவிட்டுப் பணியாரக் கல்லைக் கையில் எடுத்தார். அரிசி இத்தனை பங்கு, உளுந்து இத்தனை பங்கு. வியாழக்கிழமை பிள்ளைகளே ஆட்டி, வெள்ளிக்கிழமை சுட்டு, வரமிளகாய்த் துவையலோடு தின்பது என்று ஏற்பாடு. முதல் வெள்ளி பங்கு தப்பிப் பணியாரம் கல்லாகிவிட்டது. அதைக் கொத்திய காக்கை அப்புறம் கூழைத் தவிர எதையும் தொடவில்லை. அடுத்த வாரம் கணக்கு சரியானது. பணியாரம் பஞ்சு. வாசனை பிடித்துக்கொண்டு, கல்லலில் நிற்காத ரயில்கூட நின்றது.

அந்தப் பஞ்சில் ஒன்றை எடுத்து சௌபர்ணிகா என்ற பிள்ளை வாயருகே கொண்டுபோன நேரம், வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் பூமிநாதன், அனுபவவழிக் கல்வி ஆய்வு மற்றும் மதிப்பீட்டு ஊக்குவிப்புப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர்.

“கீழே வைம்மா. மதிப்பிடப்படாத அனுபவம் அனுபவமே அல்ல.”

“இன்னும் திங்கவே இல்லையே சார்.”

“தின்றுவிட்டால் ஆதாரம் அழிந்துவிடும்.”

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு தலை. வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்புவது எங்கள் சீமையில் பெருங்குற்றம். ஒரு தட்டில் எடுத்து வைத்து, “சும்மா சாப்பிடுங்க”ன்னு நீட்டினேன். அவர் சாப்பிடவில்லை, மதிப்பிட்டார். கண்ணை மூடி மென்றார்.

“மாதிரி அளவு போதவில்லை” என்று தட்டைத் திரும்ப நீட்டினார். கல் காலியாகிற வரைக்கும் போதவில்லை.

அடுத்த வெள்ளி முறைப்படி நடந்தது. வகுப்பில் பாதிப் பேர் ஒப்பீட்டுக் குழு. பணியாரம் சுடுவதை அவர்கள் பார்க்கக் கூடாது, மோந்தால் முடிவு கெட்டுப்போகும் என்று மூக்கைப் பொத்தி வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். மதிப்பிட ஒருவர், அவர் சரியாக மதிப்பிடுகிறாரா என்று பார்க்க ஒருவர், அந்த இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வேண்டியவர்களா என்று விசாரிக்க சிவகங்கையிலிருந்து ஒருவர், எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. தேவகோட்டை பஸ்ஸிலும் சிலர் வந்து இறங்கினார்கள். எந்தப் பிரிவு என்று கேட்பது மரியாதையில்லை என்பதால் அவர்களுக்கும் தட்டு வைத்தோம். நான் சமூகப் பிரதிநிதி. பாரபட்சம் கூடாதென்று இரண்டு கன்னத்திலும் சமமாக அடக்கிக்கொண்டேன்.

சித்ரா டீச்சர் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, அடுப்புப் புகையாக இருக்கலாம்.

“ஐயா, பிள்ளைக ஒண்ணுகூடத் திங்கலை. சுட்ட பணியாரம் எப்படி இருக்குன்னே அதுகளுக்குத் தெரியாது. இதுல என்ன அனுபவம்?”

“பசியும் அனுபவந்தேன் டீச்சர்” என்றேன், துவையலை வழித்துக்கொண்டே. பூமிநாதன் அதைப் பாய்ந்து எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரிக்காகக் காரைக்குடியில் ஒரு கருத்தரங்கில் எனக்குப் பொன்னாடையே போர்த்தினார்கள்.

கடைசியில் கற்றல் விளைவைக் கேட்டறியும் கட்டம். என்ன கற்றுக்கொண்டாய் என்று பூமிநாதன் கேட்டார்.

“சுடுறவுகளுக்குப் பணியாரம் கிடையாது சார். பாத்து எழுதுறவுகளுக்குத்தேன் உண்டு” என்றாள் சௌபர்ணிகா.

அவர் உருகிப்போய் மேலிடத்துக்குப் போன் போட்டார். இந்த அரிய விளைவை நேரில் காண சென்னையிலிருந்தே ஓர் இயக்குநர் புறப்பட்டு வந்தார்.

அன்றைக்குப் போய்ப் பார்த்தால் மாவு பொங்கி நிற்கிறது, அடுப்பு பற்றவில்லை. ஒப்பீட்டுக் குழு உட்பட வகுப்பு மொத்தமும் கழுத்தில் அட்டை, கையில் பேனா, முன்னால் தட்டு என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் சித்ரா டீச்சர், அவருக்கும் ஓர் அட்டை.

“யாரும்மா சுடப்போறது?” என்றார் பூமிநாதன்.

“நாங்க மதிப்பீட்டுக் குழு சார். நீங்க சுடுங்க” என்றாள் சௌபர்ணிகா.

சென்னைக்காரரைச் சும்மா அனுப்ப முடியாது. தட்டோடு உட்கார்ந்தவரை எழுப்புவதும் வழக்கமில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்தேன். பூமிநாதன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு மாவை ஊற்றினார். இயக்குநர் குச்சியால் திருப்பிப்போட்டார், விரலையும் சுட்டுக்கொண்டார். பிள்ளைகள் கண்ணை மூடி மென்றார்கள். கல் காலியாக ஆக, சௌபர்ணிகா தட்டை நீட்டினாள்.

“மாதிரி அளவு போதலை சார்.”

எங்களுக்கு மிஞ்சியது வாசனை.

திட்டம் மகத்தான வெற்றி என்று இயக்குநர் அறிவித்து, எங்கும் விரிவாக்கிவிட்டார். இப்போது எங்கள் ஊரில் வாசல் கூட்ட ஆளில்லை, மாடு பத்த ஆளில்லை. ஆளுக்கொரு அட்டையை மாட்டிக்கொண்டு, அடுத்தவன் செய்வதை மதிப்பிட உட்கார்ந்திருக்கிறான்.

ஊரைச் சொல்லுவானேன். உப்பு கம்மி, காரம் பத்தலைன்னு இவ்வளவு நேரமா இந்தக் கதையை மென்னுக்கிட்டு இருக்கீகளே, உங்க கழுத்தையும் கொஞ்சம் தடவிப் பாருங்க.