சனிக்கிழமை சாயும் சுவர்

ரொறன்ரோ

அன்புள்ள மச்சான் கிளிபோட்டுக்கு,

எட்வேட் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நானும் உம்முடைய தங்கச்சி பேர்ணடெற்றும் மகள் நடாஷாவும் கோயில் சுவரும் சுகம். பிறம்ரனில் நீரும் பிள்ளைகளும் உம்முடைய டோல்கி மேளமும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். போனை நீர் எடுப்பதில்லை, அதனால்தான் முத்திரை ஒட்டினேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசியும்.

கோயிலின் நூற்றுமுப்பது வருசத்துச் செங்கல் சுவரில் வெடிப்புக் கண்டதும், சுவர் சாய்கிறதா என்று பார்க்க எஞ்சினியர் மரியோ அந்தோனியார் சுரூபத்துக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி பூட்டினாரே, ஞாபகம் இருக்கும். அந்தப் பெட்டி சொன்னபடி சுவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் சாய்ந்தது, திங்கட்கிழமை நிமிர்ந்தது. மரியோ தலையைப் பிய்த்துக்கொண்டார். இப்படியே போனால் கோயிலைப் பூட்டவேண்டும், நடாஷாவின் கல்யாணத்துக்கு வேறு இடம் பாருங்கள் என்றார். நான் இருந்து யோசித்தேன். சனிக்கிழமையில் மட்டும் என்ன நடக்கிறது? தமிழ்ப் பூசை. தமிழ்ப் பூசையில் எது சுவரை அதிரவைக்கும்? அந்தப் பதற்றத்தில்தான் கோயில் சபைக் கூட்டத்தில், அத்தனை பேருக்கு முன்னால், "உவன் கிளிபோட்டின்ரை டோல்கிதான் காரணம்" என்று சொல்லித் தொலைத்தேன். "அப்ப சுவர் ஏன் திங்கள் வரைக்கும் சாய்ஞ்சு கிடக்குது?" என்று நீர் கேட்டீர். "வாங்கின அடிக்குச் சுவருக்கும் ரெண்டு நாள் றெஸ்ற் வேணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீர் சிரிக்கவில்லை. டோல்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்.

நீர் போய் நாலு சனிக்கிழமையாயிற்று. சுவரோ அதே நேரத்துக்கு, அதே அளவுக்குச் சாய்ந்தது. பொறுக்கமாட்டாமல் மரியோ போன சனிக்கிழமை நேரே வந்து பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து பார்த்தார். உம்முடைய தங்கச்சி ஏணி வைத்து ஏறி, அந்தோனியாருக்குக் கட்டிய ஆறு கிலோ செவ்வந்தி மாலையை அந்தப் பெட்டியில் கொழுவினாள். திங்கட்கிழமைதான் அதைக் கழற்றுவாள். மரியோ அப்படியே முழந்தாளில் விழுந்துவிட்டார். இவள் அதைப் பக்தி என்று நினைத்து, "தம்பிக்கும் ஒரு சின்ன மாலை கட்டித் தரட்டோ?" என்று தமிழிலேயே கேட்டாள். சாய்ந்தது பெட்டிதான், மச்சான். பெட்டி பூட்டிய இந்த எட்டு மாதமும் சுவர் மயிரிழையும் அசையவில்லையாம். கல்யாணம் எங்கள் கோயிலிலேயே, வாற மாதம் பதின்மூன்றாம் திகதி.

பிழை முழுக்க என்னுடையது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீர் இல்லாமல் பாட்டுக்குழுவில் ஆளுக்கொரு வேகம், ஒரே பாட்டு மூன்று தரம் முடிகிறது. நடாஷா வேறு, "மாமா அடிக்காட்டி நான் உள்ளுக்கு நடக்கமாட்டன் அப்பா, ஐ ஆம் சீரியஸ்" என்று நிற்கிறாள். அதே சபைக்கு முன்னால் உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வாரும்.

உமக்கும் வீட்டாருக்கும் எங்கள் அன்பும் அந்தோனியாரின் காவலும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மச்சான்
எட்வேட்

பி.கு.: கடித உறையை ஒட்டமுதல் இதைப் பேர்ணடெற்றுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஆற அமரச் சொல்கிறாள்: "மாலை கொழுவுற ஆணி கழண்டு போச்செண்டு நான் சொல்ல, உந்தப் பெட்டி நல்ல இறுக்கம், உதிலை கொழுவு எண்டு காட்டித் தந்ததே அண்ணைதானே." ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இனி நீர்தான் கேட்கவேண்டும், அதுவும் டோல்கியோடு நேரில் வந்து.