உச்சி வெயிலில் ரேட்டு

புதுச்சேரியில் செத்தவர்களுக்குப் பயப்படுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். செத்தவரோடு விலை பேசி முடித்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ரேட்டு. பெற்றோர் வைத்த பெயர் அவருடைய மனைவிக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். அந்த அம்மாளும் போனை எடுத்தால், "ரேட்டு வூட்ல இல்லீங்க" என்றுதான் சொல்வார்.

பழைய மோட்டார் சைக்கிளுக்கு விலை சொல்வது அவர் தொழில். மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் மதில் ஓரம்தான் ஆபீஸ். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கறுப்புக் குடை, தோளில் ஒரு பச்சைத் துண்டு, அவ்வளவுதான் முதலீடு. பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரைதான் வண்டி பார்ப்பார். பதினொன்றே முக்காலுக்கு யார் போய் நின்றாலும், மந்திரியே வந்தாலும், கால் மணி நேரம் வெயிலில் காய வேண்டியதுதான்.

"வண்டியோட நிழலு வண்டிக்கு அடியிலயே இருக்கணும் சார். வெளிய நீண்டுச்சின்னா பொய் சொல்ல ஆரம்பிச்சிடும்" என்பார்.

நேர் வெயிலில் பார்த்தால் ஒடுக்கு எடுத்த இடமும் மறுபடி பெயின்ட் அடித்த இடமும் பளிச்சென்று தெரியும், வேறொன்றுமில்லை என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் உச்சி வேளையில் வேறு சிலவும் நடமாடும் என்று சொல்லித்தான் எங்களை எல்லாம் சின்ன வயதில் வீட்டுக்குள் பூட்டி வைத்தார்கள். ரேட்டு இரண்டையும் நம்பினார்.

வண்டியை ஸ்டார்ட் பண்ண மாட்டார். ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். ஐந்து நிமிடம் மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது. பிறகு வாயைத் திறந்தால் வண்டியின் ஜாதகம் மொத்தமும் வரும், வேண்டாததும் சேர்ந்து வரும். ஒருமுறை ஒரு பேங்க் மேனேஜர் மனைவியோடு வந்து வண்டியைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமையானா இது காலாப்பட்டு போவுது சார். பின்னாடி ஒக்கார்றது ஒல்லியான ஆளு" என்றார் ரேட்டு, கண்ணைத் திறக்காமலே. மேனேஜரின் மனைவி ஒல்லி இல்லை. அந்த வண்டி கடைசிவரை விற்கவில்லை, மேனேஜர்தான் மூன்று மாதம் லாட்ஜில் இருந்தார்.

இன்னொரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர், ஒரே ஓனர், கீறல்கூடக் கிடையாது என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். ரேட்டு ஏறி உட்கார்ந்த வேகத்தில் குதித்து இறங்கினார்.

"இது ரெண்டு நாளு தண்ணிக்குள்ள கெடந்த வண்டி. ஓட்டுனவன் இன்னும் மேல வரல."

வெளியூர்க்காரர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். இன்றுவரை அந்த டீயைக் குடித்து முடிக்கவில்லை. டேங்குக்கு அடியில் போல்ட்டெல்லாம் மணல் இருந்ததைப் பிறகு மெக்கானிக்குகள் கழற்றிக் காட்டினார்கள். ரேட்டு சொன்னதில் முதல் பாதிக்கு அது விளக்கம். இரண்டாவது பாதிக்கு விளக்கம் சொல்ல யாரும் முன்வரவில்லை.

நான் அவரிடம் போய் மாட்டியது என் நாற்பத்தெட்டாவது வயதில். அந்த வயதில் எனக்கு ஸ்போர்ட்ஸ் பைக் ஆசை வந்தது. என் மனைவி இதையும் சர்க்கரையோடு சேர்த்து டாக்டரிடம் சொல்லிப் பார்த்தாள், மாத்திரை இல்லையாம். ஒரு வியாழக்கிழமை ரேட்டே போன் செய்தார்.

"சார், லிமிட்டெட் எடிஷன் ஒண்ணு வந்துக்குது. செஞ்சதே கொஞ்சம் வண்டிதான். டேங்கு மேல தகட்ல நம்பரு போட்டு வந்துச்சே, அதுதான். பொழுது சாஞ்சி வராதீங்க, பன்னெண்டுக்கு வாங்க."

போனேன். சிவப்பும் வெள்ளையுமாக வண்டி நின்றது. பார்த்ததும் வாய் உலர்ந்துவிட்டது. பக்கத்தில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஏழு வயது மகளின் தோளில் இரண்டு கையும் வைத்தபடி நின்றிருந்தாள். பெயர் ஸ்தெல்லா. அவள் புருஷன் அந்துவான், சொல்தா வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்துவான் மஞ்சள் காமாலையில் போய் எட்டு மாதம் ஆகிறது.

"பிரான்சுல, லியோன்ல எங்க நாத்தனாரு எனக்கு வேல பாத்து வெச்சிருக்காங்கண்ணா" என்று ரேட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் மட்டும்னா அவங்க வூட்லயே ஒரு மூலைல படுத்துக்குவேன். லூசியும் வந்தா தனி வூடு பாக்கணும். அஞ்சி லட்சம் வந்தா கூட்டிட்டுப் போய்டுவேன். இல்லனா இவள போர்டிங்ல விட்டுட்டுப் போவணும். எப்ப வந்து கூட்டிட்டுப் போவேன்னு எனக்கே தெரியாது."

இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டுவிட்டும் பேரம் பேசினேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ரேட்டு முதலில் சாமான்களைச் சரிபார்த்தார். "லிமிட்டெட் எடிஷன்னா இன்ஜினுக்கு மட்டும் வெல இல்ல சார். தகட்டு நம்பரு, கூட வந்த சைலன்சரு, ரெண்டு சாவி, டூல்ஸ் பை, ஒண்ணு கொறஞ்சாலும் அம்பதாயிரம் போச்சி." ஒன்றும் குறையவில்லை. அந்துவான் சாவிக்கொத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்தான். ரேட்டு ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினார். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. இறங்கி சைலன்சரில் விரலை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார்.

"ஸ்டார்ட் பண்ணியாம்மா?"

"இல்லண்ணா. அவரு போன அன்னிக்கே பேட்டரியக் கழட்டிட்டேன். வண்டி குட்டியானை லாரிலதான வந்துச்சி."

வெயில் சூடு என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ரேட்டு விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அஞ்சி போவும்" என்றார் என்னிடம். நான் அவரை மதில் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"ரேட்டண்ணே, சாவு வண்டிக்குப் பாதி விலைதானே மார்க்கெட்ல?"

"மெல்லப் பேசுங்க சார். கேக்குது."

"அந்தம்மாவுக்கா?"

"வண்டிக்கு."

அவர் அப்பா மாட்டுத் தரகர். அதனால் ரேட்டும் சந்தையில் மாட்டுக்குப் பேசுவது போலத் துண்டுக்கு அடியில்தான் விலை பேசுவார். ஒரு விரல் ஒரு லட்சம். பக்கத்தில் நிற்கிற மற்ற தரகர்களுக்குத் தொகை தெரியக்கூடாது. துண்டை எடுக்கும்போது பிடி எதுவோ அதுதான் விலை, அதிலிருந்து எவனும் பின்வாங்க முடியாது. பின்வாங்கினால் அந்த மதில் ஓரம் மறுபடி ஒரு சைக்கிள்கூட வாங்க முடியாது.

ரேட்டு வலது கையைத் துண்டுக்குள் விட்டார். இடது கையில் குடை. நானும் கையை விட்டேன். அவர் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். நான் உதறிவிட்டு அவருடைய மூன்று விரலைப் பிடித்தேன். அவர் இறங்கி நான்கைப் பிடித்தார். எனக்குள் ஒரு கஞ்சன் எழுந்து உட்கார்ந்தான். மறுபடி மூன்றே என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது என் கையின் மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்தது.

குளிர்ந்த கை. ரோட்டில் தார் உருகுகிற அந்த வெயிலில், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி. அதில் ஒரு மோதிரம் இருந்தது. ரேட்டு மோதிரம் போட மாட்டார். என்னுடையது விரலில் ஏறாமல் போய் ஒரு வருடம் ஆகிறது. அந்தக் கை முரட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ரேட்டின் மொத்தக் கையையும் சுற்றி, ஐந்து விரலும் அடங்குகிற மாதிரி மூடி, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டது. நான் குடையைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்த இடது கை குடையிலேயே இருந்தது. ஸ்தெல்லா பத்தடி தள்ளி நின்றாள். அவளுடைய இரண்டு கையும் மகளின் தோளில் இருந்தன.

"சார்..." ரேட்டின் குரல் கிசுகிசுவென்று வந்தது. "நீங்களா?"

"நான் இல்ல."

"நானும் இல்ல."

அவர் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கின் மேல் இறங்குவதைப் பார்த்தேன். இவ்வளவுக்கும் நடுவில் அந்த மனிதருக்குத் தொழில் மறக்கவில்லை. துண்டைச் சடாரென்று உருவி, மதில் ஓரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "முடிஞ்சிச்சி! அஞ்சி!"

வெளிச்சத்தில் இரண்டு கைதான் இருந்தன. என் கை அவர் கையை முழுதாகப் பிடித்திருந்தது.

ஸ்தெல்லா, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். என்னைப் பார்த்தோ ரேட்டைப் பார்த்தோ சொல்லவில்லை. வண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

கமிஷன் கொடுக்கப் போனபோது ரேட்டு கையை நீட்டவே இல்லை. "இதுல தரகு பண்ணது நான் இல்லியே சார், எப்புடி வாங்கறது?" என்றார். ரேட்டே ஏதோ வித்தை காட்டி உன் தலையில் கட்டிவிட்டார் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்குத் தூக்கம்தான் வரவில்லை. அந்துவான் வந்து எடுப்பதானால் எடுக்கட்டும் என்று ஒரு மாதம் அந்த வண்டியைச் சாவியோடு நிறுத்திவைத்து, பிறகு கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன். இப்போதும் யாராவது ஓவர்டேக் பண்ணச் சொன்னால் பண்ணுவதில்லை. வண்டி என்னுடையது மட்டும் இல்லையே.

போன மாதம் ஸ்தெல்லா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். லியோனில் ஏதோ ஒரு தெரு, ஓரமெல்லாம் பனி. லூசி பள்ளிக்கூடப் பையோடு நடக்கிறாள். வலது கையை ஸ்தெல்லா பிடித்திருக்கிறாள். எடுத்தது நாத்தனாராம். நான் பன்னிரண்டு மணிக்குப் போய் ரேட்டிடம் காட்டினேன். அவர் குடையை மடக்கிவிட்டு, போனை வெயிலில் பிடித்துப் பார்த்தார். வண்டி பார்ப்பது போல நீண்ட நேரம் பார்த்தார்.

"சார், அந்தப் பக்கத்துக் கையப் பாருங்க."

பார்த்தேன். லூசியின் இடது கை சும்மா தொங்கவில்லை. கொஞ்சம் மேலே தூக்கி, விரல்களை மடக்கி, யாரோ உயரமான ஆளின் விரலைப் பிடித்திருப்பது போல இருந்தது. அங்கே யாரும் இல்லை. பனிதான் இருந்தது.

ரேட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் கூடத்தான் இருக்காங்க சார், கொழந்த தனியா இல்ல" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "இத எனக்கு ஒரு பிரின்ட்டு போட்டுத் தாங்களேன்" என்று கேட்டார்.

அன்றைக்கே போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் மதில் ஓரம் போய், வண்டிக்கு இப்போது என்ன விலை போகும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். விற்கிற எண்ணம் கிடையாது. அந்த மனிதரைப் பார்க்காமல் எனக்கு வாரம் ஓடுவதில்லை.