அப்பாவுக்கு ஒரு தலைமாட்டுப் பலகை

“எலே, சொவரு முதுகுல குத்துது. இப்பிடி இருந்து கஞ்சி குடிக்கதுக்கு நான் பட்டினியே கிடக்கேன்.”

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து காரக்கோணம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருந்த கிருஷ்ணன்குட்டி கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

மகன் அஜேஷ் வயரிங் வேலைக்காரன். அம்மா போய்ச் சேர்ந்தபின் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தங்கை அமிர்தா ஐந்து வருஷத்துக்கு முன்னால் பொழியூர் ஜிஜோவைக் கட்டிக்கொண்டு போனாள். “இனி இந்தப் படி மிதிச்சா உமக்க பொணம் காணத்தான்” என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனவள், சொன்ன சொல் தவறாமல் இருந்தாள். அப்பாவும் லேசுப்பட்ட ஆளா? அவள் பெயரையே எடுப்பதில்லை.

சாப்பிடாவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவும் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று அஜேஷ் பயந்தான். மெத்தை வைத்த ஹெட்போர்டு ஒன்று இருந்தால் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார். கடையில் விலை கேட்டான். கேட்ட சூட்டோடு திரும்பி வந்து யூடியூபைத் திறந்தான். பிளைவுட், ஃபோம், ரெக்சின். இவ்வளவுதான், வீட்டிலேயே செய்துவிடலாம்.

“பிளைவுட்டா? அதுக்க பசை மணம் எனக்கு ஆகாது.”

“அப்போ ரப்பர் மரத் தடி?”

“வண்டு கேறும்.”

பிறகு என்ன இருக்கிறது? தெற்கு மூலை மாமரம்தான். காசும் மிச்சம். அஜேஷ் ஆளை விட்டு வெட்டினான்.

மரம் விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு சரோஜம் வேலியருகே ஓடிவந்தாள். வாய் ஓயாதவள். மரத்தைப் பார்த்தாள், அப்பா படுத்திருந்த அறையின் ஜன்னலைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள். தெற்குப்புறத்து மாமரத்தை அந்த ஊரில் சிதைக்குத்தான் வெட்டுவார்கள் என்பது அஜேஷுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஃபோம் சூடு என்றார் அப்பா. சரி என்று தேங்காய்க் கதம்பலை மூட்டையாகக் கொண்டுவந்து நார் உரித்தான். அதுவும் சிதைக்கு அடுக்குகிற சாமான் என்று யாருக்குத் தெரியாது? ரெக்சின் முதுகை வேர்க்க வைக்கும் என்றார். பாலராமபுரம் போய் நாலு மீட்டர் வெள்ளைத் துணி கேட்டான். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “எடுப்பு எப்போ?” என்றார்.

திரும்பி வந்தபோது வீடு என்னமோபோல் இருந்தது. முற்றத்தில் பச்சை மாங்கட்டையின் வாசம். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று வீட்டைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள்.

“அப்பா, எம்புடு உயரம் வேணும்ணு அளக்கணும்.”

கிருஷ்ணன்குட்டி நிமிர்ந்து படுத்தார். காலிரண்டையும் சேர்த்து நீட்டினார். கையை நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடினார்.

“அளந்துக்க மக்கா.”

அஜேஷ் டேப்பைப் பின்னுக்கு இழுத்தான். “அப்பா, இது ஹெட்போர்டுக்காக்கும்!”

“எனக்குத் தெரியாதா? செய், செய்.”

அன்றிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. மோட்டுவளையைப் பார்த்தபடியே கிடந்தார். ஐயோ, நாமே அப்பாவைப் பயமுறுத்திக் கொல்கிறோமே என்று அஜேஷ் ராப்பகலாக வேலை பார்த்தான். நாரில் பூச்சி இருக்குமே என்று அப்பா ஈன சுரத்தில் முனகவும், சாம்பிராணி போட்டான். புகை ஓட்டிடுக்கு வழியாக வெளியேறி ஊரெல்லாம் பரவியது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், முற்றம் நிறைய ஆள். சரோஜம் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்துத் தரையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த பலகையைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

“அக்கா, அது பலகை! அப்பா உள்ள கிடக்காரு!”

“துக்கத்தில பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு,” என்றார் யாரோ.

அஜேஷ் ஆவேசமாகப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் முடுக்கினான். அப்பாவைத் தாங்கி எடுத்துச் சாய்த்து உட்கார வைத்தான். சரோஜம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“அப்போ சாவல்லியா?” அவள் குரலில் வருத்தம்தான் தெரிந்தது.

கிருஷ்ணன்குட்டி மெல்லக் கண்ணைத் திறந்தார். “மணி என்னலே?”

“ஒம்பது. கொஞ்சம் கஞ்சி குடியும் அப்பா, உம்ம காலப் பிடிக்கேன்.”

அப்போது தூரத்தில் சைரன் கேட்டது. நெருங்கி நெருங்கி வந்து வாசலில் நின்றது. ஃப்ரீசர் பெட்டி வண்டி. முன்சீட்டிலிருந்து தலைவிரிகோலமாகக் குதித்தவள் அமிர்தா!

“எனக்க அப்பா! ஒரு தடவ வந்து பாக்காத பாவியாயிட்டேனே!”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே ஓடியவள், கட்டிலில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டு நிலைப்படியிலேயே மலைத்துப்போய் நின்றாள். கிருஷ்ணன்குட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“மெலிஞ்சு போனியே மக்களே,” என்றார். “எலே அஜேஷே, கஞ்சி ரெண்டு கிண்ணம் எடு.”

அமிர்தா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அஜேஷும் அழுதான். அழுகையோடு, பின்னாலேயே வந்து நின்ற டிரைவர் ஷைஜுவிடம் பாய்ந்தான்.

“ஒன்ன எவன்டே விளிச்சான்? உசிரோட இருக்க மனுஷனுக்குப் பெட்டி கொண்டு வந்திருக்கே!”

ஷைஜு கட்டிலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“இவருக்க குரல்தான் அண்ணா போன்ல விளிச்சது. பெட்டி வேண்டாம், வண்டி மட்டும் போதும், பொழியூரில ஜிஜோவுக்க வீட்டு முன்ன சைரன் போட்டு நிறுத்தி, ‘கிருஷ்ணன்குட்டிக்க வீட்டுக்கு வழி எது’ண்ணு கேட்டுட்டு வரணும்ணு மூணு தடவ சொன்னாராக்கும்.”